மக்காச்சோள சீஸ் பிஸ்கட்: சீஸை விட மாவுக்குத்தான் அலைய வேண்டும்

சீஸும் மக்காச்சோள மாவும் சேர்த்துச் சுடுகிற உப்பு பிஸ்கட்டை எங்கள் வீட்டில் சில வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறோம். வீடு உடுமலைப் பக்கம். ஒரம்பரை வந்தால் காபியோடு வைக்கிற தட்டில் முறுக்குக்கும் மிக்சருக்கும் பக்கத்தில் இதுவும் இடம் பிடித்துவிட்டது. இதற்குச் செய்முறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் "நல்ல சீஸாகப் பார்த்து வாங்குங்கள்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சீஸ் சுமாராக இருந்தாலும் பிஸ்கட் தேறிவிடும். மாவு சரியில்லை என்றால் எந்த சீஸைப் போட்டும் புண்ணியமில்லை.

சூப்பர் மார்க்கெட்டில் கார்ன் ஃப்ளோர் என்று வெள்ளை வெளேரென்று விற்கிறார்களே, அது இதற்கு ஆகாது. அது வெறும் ஸ்டார்ச். சூப்பைக் கெட்டியாக்கத்தான் லாயக்கு. நமக்கு வேண்டியது முழு மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவு. திருப்பூரில் வடநாட்டுத் தொழிலாளர்கள் நிறைய இருப்பதால் அவர்கள் பக்கத்து மளிகைக் கடைகளில் மக்கி ஆட்டா கிடைக்கும். அவசரத்துக்கு அது போதும். ஆனால் ரொட்டி தட்டுவதற்கென்று நைசாக அரைத்தது என்பதால் பிஸ்கட்டில் அந்த நறநறப்பு வராது. அரைத்து எத்தனை நாள் ஆச்சு என்பதும் பாக்கெட்டைத் திறந்து மோந்து பார்த்தால்தான் தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊரைச் சுற்றி, குடிமங்கலம், பெதப்பம்பட்டி வரைக்கும் மக்காச்சோளக் காடுதான். அத்தனையும் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. மனுசன் தின்ன ஒரு கிலோ வேண்டும் என்று கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். முதல் தடவை மில்லில் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்தத் தம்பி கேட்டது, "கோழிக்குங்களாக்கா?" "இல்லீங், பிஸ்கட்டுக்கு. ரவையா ஒடைச்சுக் குடுங்க, மாவா வேண்டாமுங்க" என்றேன். இப்போது பையைப் பார்த்ததும் அவரே கல்லைத் தளர்த்திவிடுகிறார்.

தீவனத்துக்கு மூட்டை மூட்டையாகப் போகிற சோளத்தில் கை வைக்காதீர்கள். ஈரத்தோடு குவித்து வைத்த சோளத்தில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை விடுகிற அஃப்லடாக்சின் நஞ்சு ஓவனில் சுட்டாலும் முழுசாகப் போகாது. தெரிந்த காட்டுக்காரரிடம், களத்தில் நன்றாகக் காயப் போட்டதை வாங்குங்கள். பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். கறுப்புப் புள்ளி விழுந்தது, உடைந்தது, முளைப் பக்கம் பச்சை பூத்தது எல்லாவற்றையும் முறத்தில் புடைத்துப் பொறுக்கிவிட்டு ஒரு வெயில் காட்டி மில்லுக்கு எடுத்துப் போங்கள். அதற்கு முன்னால் அங்கே மிளகாயோ மல்லியோ அரைத்திருந்தால் காத்திருந்து, அரிசியோ கோதுமையோ ஓடின பிறகு கொடுங்கள். இல்லையென்றால் கார பிஸ்கட் தானாக வந்துவிடும்.

அரைத்து வந்ததை இரண்டு சல்லடையில் சலிக்கிறேன். பெரிய கண் சல்லடையில் நிற்பது தோல். அது மாட்டுத் தொட்டிக்கு. சின்னக் கண் சல்லடையில் நிற்பது ரவை, கீழே விழுவது மாவு. இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு ரவை என் அளவு. ரவை கூடினால் மணல் கடிபடுகிற மாதிரி இருக்கும், பிஸ்கட்டும் கையில் எடுத்ததும் பொலபொலவென்று உதிரும். மக்காச்சோளத்தில் குளூட்டன் கிடையாது. தன்னைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாது. அதனால்தான் மைதா சேர்க்க வேண்டியிருக்கிறது. மைதாவே கூடாது என்கிறவர்களுக்குக் கோதுமை மாவு போட்டும் செய்து பார்த்திருக்கிறேன். கொஞ்சம் கெட்டியாக வரும், வேறு குறை இல்லை.

முழுச் சோளத்தை அரைப்பதில் ஒரு தொல்லையும் உண்டு. முளைப் பகுதியில் எண்ணெய் இருக்கிறது. சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் சில வாரத்திலேயே சிக்கு வாடை அடிக்கும். கடைப் பாக்கெட்டில் முளையை நீக்கி அரைத்த ரகம் கெடாமல் நாள்பட நிற்கும், ஆனால் ருசியும் அந்த முளையோடு போய்விடுகிறது. கொஞ்சமாக அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்வதுதான் வழி. புதுசாக அரைத்த மாவில் சுட்டால் வேக வைத்த சோளக் கதிரின் இனிப்பு லேசாக நாக்கில் தெரியும். அதன் மேல் சீஸின் உப்பு வந்து உட்கார்வதுதான் இந்த பிஸ்கட்டின் ருசியே.

சீஸ் விஷயத்துக்கு வருகிறேன். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற அமுல் மாதிரியான பிராசஸ்டு சீஸில் கொழுப்பும் புரதமும் பிரியாமல் இருக்க உப்பு வகைகள் சேர்த்திருப்பார்கள். சூட்டில் எண்ணெய் கக்காமல் மாவோடு ஒட்டிப் போகும். பிஸ்கட்டுக்கு அது நல்லதுதான். ருசி மட்டும் சாது. கொடைக்கானல் பக்கம் செய்கிற செடார் கிடைத்தால் நாலில் ஒரு பங்கு அதைச் சேர்க்கிறேன். ஓரத்தில் எண்ணெய் கசிந்து முறுகி, வலை மாதிரி ஒரு விளிம்பு வரும். குழந்தைகள் முதலில் அதைத்தான் பிய்த்துத் தின்பார்கள். முழுக்கச் செடார் போட்டாலும் ருசிக்குக் குறைவில்லை, ஆனால் கொடுக்கிற காசுக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. மொசரெல்லா வேண்டவே வேண்டாம். அதில் ஈரம் அதிகம், ஆறினதும் தோல் மாதிரி இழுக்கும்.

வெண்ணெய்க்கு நாங்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை. ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கிற ஊத்துக்குளி வெண்ணெய்க்கே பேர் போன ஊர். உப்பில்லாத வெள்ளை வெண்ணெய் கிடைத்தால், சீஸில் இருக்கிற உப்போடு கணக்குச் சரியாகிவிடும். ஆனால் வீட்டில் கடைந்ததாக இருந்தாலும் கடையில் வாங்கியதாக இருந்தாலும், அதில் நிற்கிற மோரைக் குளிர்ந்த தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள். அந்த ஈரம் மைதாவில் பட்டால் மாவு ஜவ்வாகி, பிஸ்கட் கெட்டித்துப் போகும்.

என் அளவு இது. மைதா 110 கிராம், மக்காச்சோள மாவும் ரவையும் சேர்த்து 60 கிராம், வெண்ணெய் 90 கிராம், துருவிய சீஸ் 100 கிராம், பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு ஒரு டீஸ்பூன், மிளகாய்த்தூள் கொஞ்சம். உப்பு போடுவதில்லை. குளிர்ந்த வெண்ணெயை மாவில் விரல் நுனியால் உதிர்த்து, சீஸைக் கலந்து, ஒன்றிரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த பால் தெளித்துச் சேர்த்துப் பிடிப்பேன். பிசையக் கூடாது, சேர்த்து அழுத்தினால் போதும். உருளையாக உருட்டி பட்டர் பேப்பரில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். ஒரு மணி நேரமாவது அது அங்கே இருக்க வேண்டும், ராத்திரி முழுக்க இருந்தால் இன்னும் நல்லது. ரவை ஈரத்தை இழுத்து ஊறுவதற்கு அந்த நேரம் தேவை. ஊறாத ரவை சுட்ட பிறகும் பல்லில் தட்டும். அப்புறம் அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் வில்லைகளாக வெட்டி, 165 டிகிரியில் 18 முதல் 22 நிமிஷம்.

எங்களிடம் இருப்பது 28 லிட்டர் ஓ.டி.ஜி., அதாவது மேசை மேல் வைக்கிற சின்ன மின்சார ஓவன். அதன் திருகில் போட்டிருக்கிற எண்ணை நம்பி எதையும் சுட முடியாது. உள்ளே வைக்கிற சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்த பிறகுதான் நிம்மதி. 165 வேண்டுமென்றால் எங்கள் திருகை 180-க்குத் திருப்ப வேண்டும். பின் மூலை மற்ற இடத்தை விடச் சூடு என்பதால் பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்கிறேன். சீஸ் சீக்கிரம் சிவக்கிற சாமான். நிறத்தைப் பார்த்து ஏமாந்து வெளியே எடுத்தால் நடுவில் மெத்தென்று இருக்கும், அதற்காகச் சூட்டைக் கூட்டினால் கசந்துவிடும். ஓரம் பொன்னிறமானதும் சூட்டை 120-க்கு இறக்கி இன்னும் பத்து நிமிஷம் உள்ளேயே காய விடுங்கள். மொறுமொறுப்பு அந்தப் பத்து நிமிஷத்தில்தான் வருகிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் கரண்டை நிறுத்துகிற நாளை மட்டும் முன்னாடியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பருவத்துக்குத் தக்கபடி இது குணம் மாறும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசுகிறபோது பகலிலேயே மாவு கையில் ஒட்டாமல் நிற்கும். எனக்குப் பிடித்த மாசங்கள் அவை. சித்திரையில் விடியற்காலை ஆறு மணிக்குள் வேலையை முடிக்காவிட்டால் வெண்ணெய் உருகி, தட்டில் பரவி, பிஸ்கட் அப்பளமாகிவிடும். ஐப்பசி மழையில் சுடுவது சுலபம், வைப்பதுதான் கஷ்டம். ஆறின கையோடு டப்பாவில் அடைக்கவில்லை என்றால் சாயங்காலத்துக்குள் நமுத்துவிடும். நமுத்ததை 120 டிகிரியில் எட்டு நிமிஷம் வைத்தால் பழையபடி ஆகிவிடும்.

அத்தைக்கு ஆரம்பத்தில் சீஸ் வாடையே ஆகவில்லை. "ஏங் கண்ணு, கொஞ்சம் ஓமம் கசக்கிப் போட்டாத்தான் என்ன?" என்றார். போட்டேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அதிகம் செலவாவது ஓமம் போட்ட ரகம்தான். அமெரிக்காவின் தென்பகுதியில் சீஸ் ஸ்ட்ரா என்று இதன் சொந்தக்காரப் பலகாரம் ஒன்று உண்டு. செடாரும் சிவப்பு மிளகாய்த்தூளும் அதன் அடையாளம். அவர்கள் ஓமத்தை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். கறிவேப்பிலையைப் பொடியாக அரிந்து சேர்த்தால் நன்றாக இருக்கிறது. பெருங்காயம் சீஸை அமுக்கிவிடுகிறது. மக்காச்சோளத்துக்குப் பதிலாக வெள்ளைச் சோள மாவு போட்டால் நிறம் கம்மி, ருசி மோசமில்லை. கம்பு மாவு சீக்கிரம் கசக்கிறது, அதை விட்டுவிட்டேன்.

காசு மிச்சமாகும் என்று யாரும் இதில் இறங்க வேண்டாம். ஒரு சீஸ் கட்டி விலைக்கு பேக்கரியில் கை நிறைய உப்பு பிஸ்கட் வாங்கிவிடலாம். அதில் வனஸ்பதி இருக்கும், இதில் வெண்ணெய் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் மெழுகு படிவதில்லை. எனக்கு அந்த வித்தியாசத்துக்காகச் செலவு செய்யலாம் என்று தோன்றுகிறது. மாமாவுக்கு இன்னும் தோன்றவில்லை, ஆனால் டப்பா காலியாவது அவரால்தான்.

புரட்டாசியில் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம். இதில் முட்டை இல்லை, ஆனால் சில வெளிநாட்டுச் சீஸ்களில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட்டைப் பயன்படுத்துவார்கள். நம்மூர்ப் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் பச்சைப் புள்ளி இருக்கும். இறக்குமதிச் சரக்கு வாங்கினால் மட்டும் அந்தப் புள்ளியைத் தேடிப் பார்த்துவிட்டுக் கூடையில் போடுங்கள்.