டொல்பின் வானும் பின் சீற்று மணமும்: எட்டு வருடப் பாடசாலை ஓட்டம்

மல்லாவியில் இருக்கும் நண்பன் ஒருவன் போன வாரம் அழைத்தான். "மச்சான், பள்ளிக்கூட ஓட்டத்துக்கு ஒரு டொல்பின் விலைக்கு வருது. எடுக்கலாமோ?" கேட்ட நேரம் பிழையான நேரம். நான் வவுனியாவில், டீசல் பம்பும் நொசிலும் திருத்துகிற ஒரு பம்ப் ரூம் வாசலில் 85,000 ரூபாய் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது, எழுதுகிறேன்.

என்னுடையதும் டொல்பின்தான், ரொயோட்டா ஹையேஸ் வானில் எல்.எச். 113 என்ற ரகம். எஞ்சின், கியர், சீற் விபரம் எல்லாம் விற்கிறவனே மூச்சுவிடாமல் சொல்வான், அதை விடுவோம். எட்டு வருடமாகக் காலையில் ஸ்கந்தபுரத்தில் தொடங்கி, அக்கராயன், முறிகண்டி, கண்டி வீதி ஏறிக் கிளிநொச்சி. பின்னேரம் அதே வழியால் திரும்பல். எத்தனை பிள்ளைகள் ஏற்றுகிறேன் என்ற கேள்வியைப் பொலிஸ் மட்டும் கேட்டால் போதும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம். காலை ஐந்தரைக்கு முதல் திறப்பிலேயே ஸ்ராட். மார்கழி மழையில் வீதி எது வாய்க்கால் எது என்று தெரியாத நாளிலும் பிள்ளைகளோடு என்னை வழியில் விட்டதில்லை. கொம்பியூட்டர் இல்லை, சென்சர் இல்லை. மாங்குளம் சந்தியில் எந்தக் கராஜுக்குள் விட்டாலும் கைவைக்கத் தெரிந்த ஆள் இருப்பார். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, பழைய வான் வைத்திருந்தவன் எல்லாம் ஒரே இரவில் பணக்காரன் மாதிரி நடந்தான். நானும் நடந்தேன்.

ஆனால் அந்த மணம்.

பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிக்கிற கறுப்புப் புகையை நான் சொல்லவில்லை, அது வேறு கதை. இது வானுக்குள்ளே வருவது. சுட்ட எண்ணெயும் டீசலும் கலந்த ஒரு கனத்த மணம். உள்வீதி முழுக்கக் கிரவல். கண்ணாடியைத் திறந்தால் செம்மண் தூசி வெள்ளைச் சட்டையில் படியும், மூடினால் மணம் உள்ளே அடையும். பிள்ளைகள் தூசிக்குப் பயந்து மூடிவிடுவார்கள். என் பக்கக் கண்ணாடி மட்டும் எப்போதும் திறந்தே இருக்கும், எனக்குக் காற்று நன்றாக வரும்.

"அண்ணை, வானுக்குள்ள ஏறினவுடன சத்தி வருது எண்டுறாள்" என்று முதல் வருடமே ஒரு தாய் சொன்னா. "தேசிக்காய் ஒண்டு மணக்கக் குடுத்துவிடுங்கோ" என்றேன். கொடுத்துவிட்டா. பிறகு தேசிக்காயோடு வந்த பிள்ளைகள் நாலைந்து. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்காததற்கு ஒரு காரணமும் வைத்திருக்கிறேன்: யுத்தம் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து பள்ளிக்கூடம் போன ஆள் நான். எங்கள் தலைமுறையின் மூக்குக்கு எரிந்த எண்ணெய் மணம் என்றால் எங்கோ போகப்போகிறோம் என்ற சந்தோசம்தான்.

ஒருநாள் கையில் காயம், மருமகன் ஓட்டினான். நான் பின் சீற்றில் இருந்தேன். வாங்கி ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. அக்கராயன் தாண்டவே தலையிடி. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கியவன், கச்சான் வாங்கிக்கொண்டு அந்த மரநிழலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். திரும்ப ஏற மனமில்லை. பிள்ளைகள் மட்டும் பேசாமல் இருந்தார்கள், அவர்களுக்குப் பழகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு விசர் பிடித்தது எனக்கு. பின்கதவு றப்பரை மாற்றினேன். தட்டையான பின்பக்கம் உள்ள வான் ஓடும்போது பின்னால் காற்று சுழன்று, புகையைக் கதவு இடுக்கால் உள்ளே இழுக்கும், அதனால். கொஞ்சம் குறைந்தது. சைலன்சர் வாலை நீட்டி வளைத்தேன். ஒரு மாதம் முழுக்கச் சூப்பர் டீசல் அடித்தேன். கந்தகம் குறைந்த டீசல், கண் எரிவு குறைந்தது உண்மை. ஆனால் எல்லா எண்ணெய்ச் செட்டிலும் கிடைக்காது, கிடைத்தாலும் பெற்றோரிடம் வாங்குகிற காசுக்குக் கட்டாது. மணம் போகவில்லை.

நியூ ஜேர்சியில் அத்தான் ஒருவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். தொலைபேசியில் புலம்பியபோது சிரித்துவிட்டுச் சொன்னார்: "உள்ள மணந்தால் பின்னால பார்க்காத, எஞ்சினைப் பார். இஞ்ச அதுக்கெண்டு சட்டமே போட்டவங்கள்." 2005இல் அந்த மாநிலம் டீசல் புகைக்கு ஒரு சட்டம் கொண்டுவந்ததாம். பள்ளி பஸ்களில் அவர்கள் முதலில் பிடித்தது சைலன்சரை அல்ல, எஞ்சினின் மூச்சுக்குழாயை. பிஸ்ரனைத் தாண்டிக் கீழே கசிகிற வாயு எண்ணெய் ஆவியோடு கலந்து ஒரு குழாயால் வெளியே வரும். முன்னால் எஞ்சின் உள்ள பஸ்ஸில் அது நேரே வாசல் பக்கமாக உள்ளே ஏறிவிடும். பஸ்ஸுக்குள் இருக்கும் நுண்துகள்களில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது என்று அளந்து கண்டுபிடித்தார்கள். அந்தக் குழாயை மூடி, வடிகட்டி, திரும்ப எஞ்சினுக்கே அனுப்பும் கருவியைப் பூட்டச் சொன்னார்கள். பூட்டிய செலவை அரசு திருப்பிக் கொடுத்தது.

அன்று பின்னேரமே முன் சீற்றைத் தூக்கினேன். டொல்பினில் எஞ்சின் இருப்பதே அங்கேதான். எங்கள் எஞ்சினில் அந்த ஆவி திரும்பக் காற்றுக்குழாய்க்குள் போக ஒரு றப்பர்க் குழாய் கொம்பனியே பூட்டியிருக்கிறது. என்னுடையது நடுவில் வெடித்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. யாரோ முன்னொரு காலத்தில் சீலைத்துண்டு சுற்றியிருக்கிறார்கள், அதுவும் எண்ணெயில் ஊறி உக்கிப்போயிருந்தது.

புதுக் குழாய் 900 ரூபாய். கிளிப் இரண்டும் சேர்த்து.

அடுத்த நாள் காலையில் தேசிக்காய்க்காரி ஒருத்தி, "மாமா, இண்டைக்கு வான் மணக்கேல்ல" என்றாள். எட்டு வருடத்தில் இந்த வான் எனக்குத் தந்த ஆகப்பெரிய சந்தோசம் அதுதான். கோபமும் அதே இடத்தில்தான் தொடங்கியது. 900 ரூபாய்க் குழாய்க்கு ஆறு வருடம்.

ஒவ்வொரு வருடமும் புகைப் பரிசோதனைக்குப் போகிறேனே. அந்தத் தாள் இல்லாமல் வாகன வரிப் பத்திரம் எடுக்க முடியாது. சைலன்சர் வாலுக்குள் ஒரு குழாயை விட்டு, நாலைந்து தரம் அடிவரை மிதித்து, புகை எவ்வளவு கறுப்பு என்று பார்ப்பார்கள். பிள்ளை இருக்கிற சீற்றில் ஒருவரும் எதையும் பிடிப்பதில்லை. வாலைப் பிடித்தும் என்ன? போகிறதுக்கு முதல் நாள் டீசல் பம்பில் ஒரு ஸ்குரூவைத் திருகி டீசலைக் குறைத்தால் புகை குறையும், வண்டி இழுக்காது, ஆனால் பாஸ். மறுநாள் திரும்பத் திருகிவிடலாம். ஊரில் தெரியாதவர் இல்லை. நானும் மூன்று தரம் செய்திருக்கிறேன். டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் சேர்த்தது. இது தெரிந்த பிறகும் ஒருமுறை செய்தேன். அந்த மாதம் லீசிங் காசு கட்ட முடியவில்லை.

அத்தான் சொன்ன இன்னொரு விசயம் கேட்டுத்தான் எனக்கு நித்திரை போனது. அமெரிக்காவில் 2021 சட்டம் ஒன்றால் பள்ளி பஸ்களை மாற்றவென்று ஐந்து வருடத்துக்கு 500 கோடி டொலர் ஒதுக்கினார்கள். முதல் சுற்றில், வசதி குறைந்த இடங்களுக்கு ஒரு பெரிய மின்சார பஸ்ஸுக்கு 375,000 டொலர் வரை. சரி, அவர்களிடம் இருக்கிறது, கொடுக்கிறார்கள். ஆனால் பழைய டீசல் பஸ்ஸை அழிக்கும்போது எஞ்சினில் மூன்று அங்குலத்துக்கு மூன்று அங்குலம் ஓட்டை போட வேண்டுமாம். செசி என்ற அடிச்சட்டத்தையும் அறுக்க வேண்டுமாம். ஓடுகிற எஞ்சினில் ஓட்டை! கேட்டபோது வயிறு எரிந்தது. "அதை எங்களுக்கு அனுப்பினால் என்ன?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் விளங்கியது, அப்படி அனுப்பக்கூடாது என்றுதான் ஓட்டையே போடுகிறார்கள். டோக்கியோவில் 1999இல் ஆளுநர் இஷிஹாரா ஒரு போத்தலில் டீசல் கரியைப் போட்டுப் பத்திரிகைக்காரருக்கு முன்னால் ஆட்டிக் காட்டினார். 2003 ஒக்ரோபரில் இருந்து அளவுக்கு மேல் கரி கக்கும் டீசல் லொறியும் பஸ்ஸும் அங்கே ஓட முடியாது. ஜப்பானில் பெரிய நகரங்களின் சட்டத்துக்குள் அடங்காத டீசல்கள் எத்தனையோ கப்பலேறின. அவற்றில் எவரும் ஓட்டை போடவில்லை. போட்டிருந்தால் ஸ்கந்தபுரத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் நடந்துதான் போவார்கள். இதில் எந்தப் பக்கம் நின்று கதைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எங்கள் அரசாங்கமும் பிள்ளைகளின் போக்குவரத்துக்குக் காசு கொடுக்காமலில்லை. 2005இல் தொடங்கிய சிசு செரிய என்ற பாடசாலை பஸ் சேவையில் பிள்ளை ஒரு பங்குதான் கட்டுகிறது, மிச்சம் அரசின் மானியம். நல்ல திட்டம். ஆனால் காசு கட்டணத்துக்குப் போகிறது, எஞ்சினுக்கு அல்ல. பெரிய பஸ் திரும்ப இடமில்லாத உள்வீதிகளில் எங்களைப் போன்ற வான்கள்தான். நாங்கள் மின்சார பஸ் கேட்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, எஞ்சினுக்குள் டீசல் தெளிக்கிற நொசில் பார்க்க, அந்தக் குழாயைப் பார்க்க, பாடசாலை வான்களுக்கு மட்டும் பாதிக் காசு. 500 கோடியும் வேண்டாம், டொலரும் வேண்டாம்.

இனி அந்த 85,000. 2021 மார்கழியில் 121 ரூபாயாக இருந்த ஓட்டோ டீசல் 2022 ஆனிக் கடைசியில் 460 ஆனது. மண்ணெண்ணெய் ஆவணி வரை 87 ரூபாய்தான். அந்த இடைவெளியில் எவன் கலக்கவில்லை? நானும் ஒரு கிழமை கலந்தேன். எஞ்சினுக்கு டீசலைத் தள்ளுகிற இந்தப் பம்புக்கு டீசல்தான் மசகு, மண்ணெண்ணெய் அதைத் தேய்க்கும். "உங்கட அந்த ஒரு கிழமைதான் தம்பி இது" என்று பம்ப் ரூம் அண்ணை தேய்ந்த பாகத்தை எடுத்துக் காட்டினார். ஒரு கிழமையில் அப்படித் தேயாது என்று நான் வாதாடினேன். அவர் பில்லைக் குறைக்கவில்லை.

நாலு நொசிலும் புதிது. இப்போது கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருகிறவனின் முகம் தெரிகிறது. இந்த வருடம் ஸ்குரூவைத் தொடாமலே பரிசோதனைக்குப் போகப்போகிறேன்.

நண்பனுக்கு என் பதில்: எடுக்காதே. முப்பது வருட எஞ்சினைப் பிள்ளைகளோடு கட்டிக்கொண்டு அழாதே, வாகனம் திரும்ப இறக்குமதியாகிறது, கொஞ்சம் பொறு. என்னுடையதை விற்பாயா என்றும் கேட்காதே, விற்கமாட்டேன். அதையும் மீறிப் பார்க்கத்தான் போகிறாய் என்றால், எஞ்சின் சூடேறிய பிறகு எல்லாக் கண்ணாடியையும் மூடச் சொல்லு. விற்கிறவன் ஓட்டட்டும். நீ போய்ப் பின் சீற்றில் மூலையில் அரை மணித்தியாலம் இரு.