சனிக்கிழமை 3 மணி மட்ச்சும் வரும் எண்டு சொல்லி ஆரும் கதவைத் தட்டினா கையெழுத்து வைக்காதேங்கோ

நேற்றுப் பின்னேரம் திரும்பவும் டிவி பாக்கேஜ் விக்கிற ஒருத்தன் வந்து கதவைத் தட்டினவன். கழுத்தில அட்டை, கையில டேப்லெட், "உங்கட ரோட்டுக்கு மட்டும் ஸ்பெஷல் ஓஃபர்" எண்டு அதே பல்லவி. கதவைச் சாத்திப்போட்டு வந்து இருந்து இதை எழுதுறன், ஏனெண்டா லண்டனில இந்த ஹரோப் பக்கம் எங்கட ரோட்டிலயே தமிழாக்கள் ஏழெட்டு வீடு இருக்கு, வீட்டுக்கு ஒரு பெடியாவது புட்போல் விசரில திரியுது, ஆகஸ்ட் பிறந்து புது சீசன் தொடங்கினா இவங்களும் குடையைத் தூக்கிக்கொண்டு வந்திடுவாங்கள். கொம்பனியின்ர பெயர் போடேல்ல, கேஸ் கீஸ் எண்டு அலைய என்னட்டத் தெம்பில்லை. பிரோட்பாண்ட், போன், டிவி மூண்டையும் ஒண்டாக் கட்டி விக்கிற கொம்பனி, அவ்வளவும் தெரிஞ்சாக் காணும்.

எனக்கு நடந்தது 2023 ஆகஸ்ட் 8. அந்த வருசம்தான் லண்டன் கிளப் ஆர்சனல் ஆறு வருசத்துக்குப் பிறகு, ஐரோப்பாவின்ர பெரிய கிளப்புகள் மோதுற சாம்பியன்ஸ் லீக்குக்குத் திரும்பிப் போகுது, என்ர மகனுக்கு அப்ப 13 வயசு, நித்திரையிலயும் ஆர்சனல் ஆட்டக்காரன் சாகாவின்ர பெயரைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்த காலம். வந்தவன் நல்ல மரியாதையான பெடியன், பொய் சொல்லக்கூடாது. எனக்குப் பின்னால ஜேர்சியோட நிண்ட மகனைக் கண்ட உடன கதை முழுக்க அவனோடதான். பிரோட்பாண்ட், டிவி, ஸ்போர்ட்ஸ் எல்லாம் சேத்து மாசம் 54 பவுண் எண்டான். "ஆர்சனல் மட்ச் எல்லாம் வருமோ?" எண்டு கேட்டன். "எவ்ரி சிங்கிள் லைவ் கேம் சேர்" எண்டான். மனிசி குசினிக்குள்ள இருந்து, "எழுதித் தரச் சொல்லுங்கோ" எண்டு குரல் குடுத்தவ. அவன் சிரிச்சுக்கொண்டு, வாசலில கிடந்த பீட்சாக்கடை நோட்டீஸ் ஒண்டை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில பேனையால "54 பவுண், 18 மாசம், ஓல் லைவ் கேம்ஸ்" எண்டு இங்கிலீசில எழுதி, கீழ ஒரு கோடும் கீறித் தந்தான். பிறகு டேப்லெட்டை நீட்ட நான் விரலால கிறுக்கிக் குடுத்தன். நிபந்தனை எல்லாம் அவன்ர விரல்தான் தள்ளினது, படம் ஓடுறமாதிரி ஓடிச்சுது, நானும் வாசிக்கக் கேக்கேல்ல.

ஆகஸ்ட் 12, சனி, அந்தச் சீசனில ஆர்சனலின்ர முதல் மட்ச், நொட்டிங்ஹம் ஃபொரஸ்டோட மத்தியானம் 12.30க்கு. முதல் நாள்தான் ஆள் வந்து பொக்ஸ் பூட்டிவிட்டுப் போனவர். மகன் ரிமோட்டை அமத்து அமத்தெண்டு அமத்துறான், மட்ச் இல்லை. நான் கஸ்டமர் சேவைக்கு அடிச்சுப்போட்டு மியூசிக் கேட்டுக்கொண்டு இருக்கிறன். அண்டைக்கெண்டு ஆர்சனலின்ர எமிரேட்ஸ் ஸ்டேடிய வாசலில டிக்கெட் மெசின் பழுதாகி மட்ச் அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கினது, அதால கதை முடிக்க எனக்கும் நேரம் கிடைச்சுது. "அது டிஎன்டி மட்ச் சேர், உங்கட பாக்கேஜில ஸ்கை மட்டும்தான், டிஎன்டி வேணுமெண்டா மாசம் 22 பவுண் கூட" எண்டாள் அந்தப் பிள்ளை. ஸ்கை, டிஎன்டி ரெண்டும் மட்ச்சுகளைப் பிரிச்சு வச்சுக் காட்டுற காசுச் சனல்கள். பக்கத்தில மகன் அழுவாரைப்போல நிக்கிறான். "யெஸ்" எண்டன். அந்த ஒரு யெஸ்தான் ரெண்டாவது கொன்ராக்ட். முதலாவது 18 மாசம், இது 24 மாசம். அண்டிரவே ஈமெயிலில வந்திருக்கு, நான் திறந்து பாக்கேல்ல. ரெண்டும் வேற வேற திகதியில முடிஞ்சா என்ன நடக்கும்? ஒண்டை வெட்டப் போகேக்க மற்றது காலைப் பிடிக்கும், அதுக்குத்தான் அந்த ஏற்பாடு எண்டு எனக்குப் பிறகுதான் உறைச்சுது.

21ம் திகதி திங்கள் இரவு கிரிஸ்டல் பேலஸோட மட்ச் நல்ல வடிவா வந்துது. சரி இனிப் பிரச்சினையில்லை எண்டு 26ம் திகதி சனிக்கிழமை ஃபுல்ஹம் மட்ச்சுக்கு மச்சான் குடும்பத்தையும் கூப்பிட்டிட்டன். மனிசி ரோல்ஸ் பொரிச்சு வச்சிருக்கிறா, பெடியள் மூண்டுபேர் நிலத்தில வரிசையா இருக்கிறாங்கள், மூண்டு மணியாகுது. டிவியில என்ன காட்டுறாங்கள் தெரியுமோ? நாலு ஆம்பிளையள் மேசையில இருந்து, தங்களுக்கு முன்னால இருக்கிற ஸ்கிரீனில தாங்கள் மட்ச் பாக்கிறாங்கள், அதை நாங்கள் பாக்கவேணும்! முதலாவது நிமிசமே ஃபுல்ஹம் கோல் அடிச்சிட்டான், கோல் எங்கட கண்ணுக்கு இல்லை. இதுக்குள்ள சென்னையில இருக்கிற பெரியம்மான்ர பேரன் ஹொட்ஸ்டாரில முழு மட்ச்சையும் பாத்துக்கொண்டு வாட்ஸப்பில எங்களுக்கு நிலவரம் சொல்லுறான். ஸ்டேடியத்துக்கு டியூப்பில ஒரு மணித்தியாலம்கூட இல்லாத தூரத்தில நாங்கள், மாசம் 76 பவுண் கட்டிப்போட்டு, சென்னையில இருந்து ஸ்கோர் கேக்கிறம். 2-2. மச்சான் ஒண்டும் சொல்லேல்ல, ரோல்ஸ் நல்லாயிருக்கு எண்டார்.

விசயம் என்னெண்டா, இங்கிலாந்தில சனிக்கிழமை 2.45 தொடக்கம் 5.15 வரைக்கும் எந்த மட்ச்சையும் டிவியில லைவ்வாக் காட்டக்கூடாது எண்டு ஒரு கட்டுப்பாடு இருக்கு. 1960களில பொப் லோர்ட் எண்டு பேர்ன்லி கிளப்பின்ர தலைவர் பிடிச்ச பிடி அது, பெரிய மட்ச்சை வீட்டில இருந்து பாத்தா சின்னக் கிளப்புகளின்ர கிரவுண்டுக்கு ஆக்கள் போகமாட்டினம் எண்ட பயம். அந்த நியாயத்தில எனக்குக் கோவம் இல்லை, சின்னக் கிளப்புகளும் பிழைக்கத்தானே வேணும். ஆனா அறுபது வருசப் பழசு அந்தக் கட்டுப்பாடு, அது விக்க வந்தவனுக்குத் தெரியாதோ? இங்கிலாந்தின்ர முதல்தர லீக்கான பிரீமியர் லீக்கில 2023-24 சீசனில மொத்தம் 380 மட்ச், அதில ஸ்கையில 128, டிஎன்டியில 52, அமேசனில 20. கூட்டினா 200. மிச்சம் 180ஐ இந்த நாட்டில எவ்வளவு காசு கட்டினாலும் ஒருத்தராலயும் வீட்டில லைவ்வாப் பாக்கேலாமல்தான் இருந்துது. "எல்லா மட்ச்சும்" எண்டு விக்கிறதுக்கு ஒரு கொம்பனியிட்டயும் சரக்கு இல்லை.

திங்கள் பாங்க் ஹொலிடே, செவ்வாய் காலமை அடிச்சு எனக்கு இது வேண்டாம் எண்டன். 14 நாளுக்குள்ள எண்டாக் காசில்லாமல் வெட்டலாம், நீங்கள் 7 நாள் பிந்திட்டீங்கள், இனி வெட்டினா மிச்ச மாசக் காசில பெரும்பகுதி கட்டவேணும் எண்டாங்கள். எல்லா மட்ச்சும் எண்டு எழுதித் தந்தவன் எண்டு சொல்ல, அந்த ஆள் குடுத்த விளக்கம் இருக்கே, அதை இண்டைக்கும் மறக்கேல்ல. "லைவ் கேம் எண்டா டிவியில லைவ்வாப் போற கேம் சேர், டிவியில போகாத மட்ச் லைவ் கேம் இல்லை." கிரவுண்டில அறுபதாயிரம் சனம் இருந்து பாத்த மட்ச், ஆனா லைவ் இல்லையாம்.

டிசம்பர் 5 லூட்டனோட மட்ச், 97வது நிமிசம் ஆர்சனலின்ர டெக்லன் ரைஸ் தலையால அடிச்சு 4-3, அது அமேசனில. நல்லகாலம் மனிசி சாமான் வாங்கிறதுக்கு மாசம் 8.99 கட்டி பிரைம் வச்சிருந்தவ. சரி எண்டு ஒருநாள் கணக்குப் பாத்தன். 54, டிஎன்டிக்கு 22, பிரைம் 8.99, லைவ் டிவி பாக்கிறதுக்கு வருசம் 159 பவுண் டிவி லைசன்ஸ், மாசத்துக்குப் பிரிச்சா 13.25. மொத்தம் 98 பவுண் 24 பென்ஸ். பெப்ரவரியில பில் 54இல இருந்து 83க்குப் பாய்ஞ்சுது, ஏனெண்டா 54 எண்டது முதல் ஆறு மாசத்துக்குத்தானாம், நோட்டீசில அவன் அதை எழுதேல்ல. ஏப்ரலில வருசாந்த விலை ஏற்றம் எண்டு அது 89, டிஎன்டி 24, லைசன்ஸும் 169.50. பிரைமும் சேர மாசம் 136 பவுண். அந்தக் காசுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு மாசம் ஒருக்கா ஒரு சின்னக் கிளப் மட்ச்சுக்கு நேர போய், வரேக்க கொத்துரொட்டியும் சாப்பிட்டிட்டு வந்திருப்பன்.

இந்த விளையாட்டு இண்டைக்கு நேற்றுத் தொடங்கினதில்லை. 1992இல பிரீமியர் லீக் தொடங்கேக்க டிவி உரிமை 5 வருசத்துக்கு 304 மில்லியன் பவுண். இப்ப 2025இல இருந்து 4 வருசத்துக்கு 6.7 பில்லியன். ஒருத்தரே எல்லாத்தையும் வச்சிருக்கக்கூடாது, போட்டி வேணும் எண்டு ஐரோப்பிய ஆணைக்குழு நெருக்கி 2007 சீசனில இருந்து பிரிச்சுக் குடுத்தவை. போட்டி வந்தா விலை குறையும் எண்டுதானே நினைப்பம், இங்க மறுவளமா நடந்தது. ஒரே மட்ச்சை ரெண்டு கடை விக்கேல்ல, ஆளுக்கொரு மட்ச்சைப் பிரிச்சு வச்சுக்கொண்டாங்கள், அதால ஒரு பில் ரெண்டாச்சு. செடான்டா எண்டு அப்ப வந்தவன் 2009இலயே கவிண்டிட்டான், அவன்ர பங்கு கைமாறிக் கைமாறி இப்ப டிஎன்டி. கொரோனாக் காலத்தில சனம் கிரவுண்டுக்கே போகேலாமல் கிடக்கேக்க ஒரு மட்ச்சுக்கு 14.95 எண்டு வித்தவங்கள், 2020 ஒக்டோபரில. அப்ப நியூகாசில் ஆக்கள் அந்த 14.95ஐ டிவிக்குக் கட்டாமல் உணவு வங்கிக்குக் குடுத்தவை, மற்றக் கிளப் ஆக்களும் சேர, ஒரு மாசத்துக்குள்ளயே அந்தத் திட்டத்தைக் கைவிட்டிட்டாங்கள். எனக்கு அந்தச் சம்பவம் நல்ல விருப்பம்.

கொம்பனியோட என்ர சண்டைக்கு வாறன். பெப்ரவரியில 83ஐப் பாத்திட்டு அடிச்சன், 40 நிமிசம் மியூசிக், பிறகு விட்டிட்டுப் போறவைக்கெண்டே தனிப் பிரிவு ஒண்டு இருக்கு, அங்க மாத்தினாங்கள். தேன் குரலில ஒரு மனிசன், "பழைய கஸ்டமர் எண்டபடியால் 66க்குத் தாறன்" எண்டான். ஓம் எண்டு வாய் திறந்திட்டன், மனிசி பக்கத்தில இருந்து "எத்தனை மாசம் எண்டு கேளுங்கோ" எண்டு பேப்பரில எழுதிக் காட்டுறா. கேட்டா, இண்டையில இருந்து புதுசா 18 மாசம்! வேண்டாம் எண்டு வச்சிட்டன். அண்டையில இருந்து போன் கதையே இல்லை, எல்லாம் ஈமெயில், தலைப்பில "கொம்ப்ளெயின்ட்" எண்டு போட்டு. இது முக்கியம், அந்தச் சொல் இல்லாட்டி அவங்கள் அதை முறைப்பாடாப் பதியாமல், சும்மா விசாரணை எண்டு வச்சிருக்கப் பாப்பாங்கள். வாசலில நடந்த கதைக்கு ரெக்கோர்டிங் இல்லை எண்டு மறுமொழி வந்துது. என்னட்ட பீட்சா நோட்டீஸ் இருந்துது, மனிசி அதைத் திகதியோட போட்டோ எடுத்தும் வச்சிருந்தவ. அப்ப இருந்த முறைக்கு 8 வாரம் காத்திருந்து, முடிவில்லாமல், கொம்பனிக்கும் கஸ்டமருக்கும் நடுவில தீர்ப்புச் சொல்லுற ஒம்புட்ஸ்மனிட்டப் போனன், அதுக்கு நாங்கள் காசு கட்டத் தேவையில்லை. முழு வெற்றியெண்டு சொல்லமாட்டன். டிஎன்டியின்ர 24 மாசக் கொன்ராக்ட்டை அபராதமில்லாமல் வெட்டி, 130 பவுண் திருப்பித் தந்தாங்கள். முதல் கொன்ராக்ட் 2025 பெப்ரவரி வரைக்கும் கழுத்திலதான் கிடந்தது.

இடையில இன்னொரு மடை வேலையும் செய்தன், வெக்கத்தோட சொல்லுறன். தெரிஞ்ச ஒருத்தர் மூலமா வாட்ஸப் நம்பர் ஒண்டு வந்துது, வருசம் 60 பவுணுக்கு உலகத்துச் சனல் எல்லாம், 3 மணி மட்ச்சும் வரும் எண்டு. காசு போட்டன், ரெண்டு மாசம் வந்துது, ஒரு ஞாயிறு மட்ச்சின்ர பாதியில கறுத்துது, நம்பரும் இல்லை. ஆரிட்டப் போய் முறைப்பாடு சொல்லுறது? 2023 மே மாசம் டார்பி கோர்ட்டில இப்பிடிக் களவாச் சனல் வித்த 5 பேருக்கு மொத்தமா 30 வருசத்துக்கு மேல மறியல் குடுத்தவை, அது தெரிஞ்சும் போட்டனான். அதால அந்தக் களவுச் சனல் கதையோட வாற ஆக்களையும் கிட்டச் சேர்க்காதேங்கோ, பாங்க் கார்ட் நம்பரையும் அவங்களிட்டக் குடுத்திட்டு நித்திரை வராமல் கிடந்தனான்.

நேற்று வந்தவன் "இந்த சீசன் எல்லாம் மாறிட்டுது" எண்டான். பாதி உண்மை. 2025-26 சீசன் தொடக்கம் ஸ்கையில குறைஞ்சது 215, டிஎன்டியில 52, அமேசனில பிரீமியர் லீக் இல்லை, ஆனா செவ்வாய்க்கிழமை சாம்பியன்ஸ் லீக் மட்ச் ஒண்டு அவனிட்ட. சனி 3 மணி அதே இருட்டுத்தான். விலை ஏற்றத்துக்கும், போன், பிரோட்பாண்ட் கொம்பனியளைக் கண்காணிக்கிற ஒஃப்கொம் விதி போட்டிருக்கு, 2025 ஜனவரி 17க்குப் பிறகு செய்யிற கொன்ராக்ட்டில விலைவாசி வீதம் எண்டு மொட்டையா எழுதேலாது, எந்த மாசம் எத்தனை பவுண் எத்தனை பென்ஸ் ஏறும் எண்டு முன்னுக்கே சொல்லவேணும். ஆனா முதல் ஆறு மாச ஓஃபர் முடிஞ்சு விலை பாயிறதை அது தடுக்காது, அதைக் கேட்டு எழுத்தில வாங்குங்கோ. கொன்ராக்ட் முடிய 10 தொடக்கம் 40 நாளுக்கு முன்னம் அவங்கள் அறிவிக்கவும் வேணும். எனக்கு வந்தது ஜங்க் மெயிலுக்குள்ள, பொரிச்ச கோழி ஓஃபருக்கும் லொத்தர் பரிசுக்கும் நடுவில கிடந்தது.

இப்ப வீட்டில கொன்ராக்ட் டிவி இல்லை. பெரிய மட்ச் வாற மாசத்தில மட்டும் ஒரு மாதப் பாஸ் எடுத்து, மற்ற மாசம் நிப்பாட்டி வைக்கிறன், சனி 3 மணிக்கு ரேடியோ, இரவு பிபிசியில ஹைலைட்ஸ். மகனுக்கு ரேடியோ பழகிட்டுது.

கடைசியா ஒண்டு. பொக்ஸ் உங்கட சொத்தில்லை, வெட்டினாப் பிறகு திருப்பி அனுப்பவேணும், அனுப்பாட்டி அதுக்கும் காசு. நான் அனுப்பி மூண்டு கிழமையால "கிடைக்கேல்ல, 60 பவுண் கட்டு" எண்டு கடிதம் வந்துது. போஸ்ட் ஒஃபிஸ் துண்டைப் படம் எடுத்து அனுப்பினாப் பிறகுதான் சத்தம் நிண்டுது. அந்தத் துண்டும் பீட்சா நோட்டீசும் இப்பவும் குசினி லாச்சிக்குள்ள இருக்கு, மனிசி எறிய விடுறா இல்லை.