1084-ங்கற கத்தி ஸ்டீல்னு சொல்லி, வீட்டு கேட்டுக்கு போடற சாதா இரும்புப் பட்டைய வித்துட்டான், 5,400 ரூபா போச்சு

சொந்தமா கத்தி செய்யணும்னு ஸ்டீல் தேடிட்டு இருக்கறவங்க தயவுசெஞ்சு இத படிச்சுட்டு காசு போடுங்க. நேத்து சாயங்காலம்தான் எனக்கே உறுதியாச்சு, கோவம் இன்னும் அடங்கல, எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

அம்மாவுக்கு காய் நறுக்க ஒரு கத்தி என் கையாலயே செஞ்சு தரணும்னு ரொம்ப நாள் ஆசை. முதல் கத்திக்கு 1084 தான் ஈஸின்னு எல்லாரும் சொல்றாங்க. கடைசி ரெண்டு நம்பர் கார்பன், அதாவது 0.84 சதவீதம் பக்கம், காந்தம் ஒட்டாத அளவு சூடு பண்ணி இன்னும் கொஞ்சம் ஏத்தி சூடான எண்ணெயில முக்குனா போதும், கெட்டியாயிடும், பெரிய ஃபர்னஸ் எல்லாம் தேவையில்ல. ஆனா நம்மூரு இரும்புக்கடைல போய் 1084 கேட்டா மேலயும் கீழயும் பாப்பாங்க. அப்பதான் கத்தி மெட்டீரியல் விக்கற இந்த பேஜ் கண்ணுல பட்டுச்சு, பேரு வேண்டாம்.

மெசேஜ் போட்டேன், அவனே கூப்பிட்டான். இருபது நிமிஷம் பேசுனான். நான் 5 எம்எம் கேட்டேன், "ப்ரோ கிச்சன் கத்திக்கு எதுக்கு 5, 3 போதும், சும்மா காச வீணாக்காதீங்க"ன்னான். அங்கதான் விழுந்தேன். காச குறைக்கச் சொல்றவன் ஏமாத்துவானான்னு ஒரு நினைப்பு. டெஸ்ட் சர்டிபிகேட்டுன்னு ஒரு பிடிஎஃப் வேற அனுப்புனான், சந்தோஷத்துல திறந்துகூட ஒழுங்கா பாக்கல. மூணு பட்டை 3,600, ரோஸ்வுட் கைப்பிடி ஜோடி, பித்தளை பின் எல்லாம் 1,350, கொரியர் 450, மொத்தம் 5,400. மொத்தமும் அட்வான்ஸ்.

நாலு ஞாயித்துக்கிழமை அரத்தால ராவுனேன். மிஷின் இல்ல, அரம் மட்டும்தான், கை கொப்பளம். துளை போடும்போது வெண்ணெய் மாதிரி இறங்குச்சு, அனீல் பண்ணுன, அதாவது சூடு பண்ணி மெதுவா ஆறவிட்ட ஸ்டீல் அப்படித்தான் சாஃப்ட்டா இருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அப்பறம் செங்கல் அடுக்கி கரி போட்டு பழைய ஹேர் டிரையர்ல காத்து அடிச்சு சூடு ஏத்துனேன், காந்தம் ஒட்டல, கடலெண்ணெயில முக்குனேன். ஸ்டீல் கெட்டியாகியிருந்தா, ஆறுனதும் அரத்த வெச்சா வழுக்கிட்டு போகணும். போகல, நல்லா கடிக்குது. மூணு தடவ முக்குனேன், மூணு தடவயும் அதே கதை.

அவன்கிட்ட கேட்டா முதல்ல "ஆயில் சரியில்ல ப்ரோ". அடுத்த நாள் "கரியில அவ்ளோ ஹீட் வராது ப்ரோ". அப்பறம் "முதல் கத்தி எல்லாருக்கும் இப்படித்தான் ப்ரோ". இதுதான் இன்னும் எரியுது, ஏன்னா நான் அத நம்புனேன்! புதுசா செய்யறவன் தப்பு தன் மேலதான்னு நினைப்பான்னு அவனுக்கு நல்லா தெரியும். கடைசியா "அறுத்த பீஸ் ரிட்டர்ன் கிடையாது"ன்னான். அறுக்காத ரெண்டு பட்டை அப்படியே இருக்குடான்னு போட்டோ அனுப்புனேன், ப்ளாக்.

பஸ் ஸ்டாப் பக்கத்துல அருவா அடிக்கற பெரியவர் ஒருத்தர் பட்டறை இருக்கு. அவர்கிட்ட கொண்டு போனேன், கல்லுல ஒரு இழுப்புதான் இழுத்தாரு. பொறி நீளமா கோடு கோடா போச்சு, கார்பன் அதிகம் இருந்தா மத்தாப்பு மாதிரி பூக்கணும், பூக்கல. "ஏஞ்சாமி, இது கேட்டு பட்டையல்லோ, இதுக்கு எங்க தோய்ச்சல் ஏறும்?"னு சிரிச்சாரு. காசு வாங்கல, டீ வாங்கிக் குடுத்தாரு. அப்படியும் மனசு கேக்காம லேப்ல குடுத்து, இரும்புல என்னென்ன எவ்வளவு இருக்குன்னு காட்டற ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் பாத்தேன், நேத்துதான் ரிப்போர்ட் வந்துச்சு, கார்பன் 0.17 சதவீதம்தான். வீட்டுக்கு வந்து அந்த பிடிஎஃப்ப இப்பதான் ஒழுங்கா பாக்கறேன், அது ஏதோ 12 எம்எம் பிளேட்டுக்கான சர்டிபிகேட். ஒரு பட்டை கால் கிலோ சொச்சம் வரும். கிலோ எழுபது எண்பதுன்னா ஒண்ணு இருபது ரூபா. அத எனக்கு 1,200-க்கு தள்ளியிருக்கான். ரோஸ்வுட்டுன்னு வந்தது என்ன மரம்னு செக் பண்ணவே மனசு வரல.

என்னென்ன பாத்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், முடியல, 5,400 ரூபான்னு நினைச்சாலே ஆத்திரமா வருது. பட்டை வந்த உடனே ஓரத்துல சின்ன துண்டு அறுத்து சூடு பண்ணி முக்கி வைஸ்ல வெச்சு அடிங்க, படக்குனு உடைஞ்சா ஸ்டீல், வளைஞ்சா கேட்டு பட்டை. இத பண்ணாம ராவாதீங்க. சர்டிபிகேட்டுல அளவ பாருங்க. முழு காச முன்னாடியே போடாதீங்க. பழைய லாரி கமான் பட்டை கிடைச்சா அதுலயே பண்ணுங்க, பெரியவரும் அதான் சொன்னாரு.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல கம்ப்ளைன்ட் போட்டிருக்கேன். இன்னிக்கு அவன் பேஜ்ல "1084 லாஸ்ட் 4 பீஸ்"னு ஸ்டோரி ஓடுதாம், ஃப்ரெண்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புனான். தம்பி நம்பர்ல இருந்து இப்ப ஒருக்கா அடிச்சுப் பாக்கறேன்.