கற்பனை நாட்டு மேப் வரைய கிரிட்டா போதுமா?

என் தம்பி எழுதிக்கொண்டிருக்கும் மாயாஜாலக் கதைக்கு ஒரு மேப் வேண்டும் என்றான். ஐந்து தீவுகள், ஒரு பெரிய மலைத்தொடர், உள்ளே போனவன் திரும்பி வராத காடு ஒன்று, வழக்கமான சமாச்சாரம்தான். பழங்காலப் பயணி ஒருவன் மை தொட்டு வரைந்த மாதிரி இருக்க வேண்டும், கம்ப்யூட்டரில் செய்தது என்று தெரியவே கூடாது என்பது அவன் போட்ட ஒரே நிபந்தனை. மலை, மரம், கோட்டை எல்லாம் தயாராக வைத்திருக்கும் தளம் ஒன்றில் இழுத்துப் போட்டு ஒரு மணி நேரத்தில் முடித்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அக்கா, இந்த மலையும் அந்த மலையும் ரெட்டைப் பிள்ளைகளா?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. மனிதக் கை ஒரே மலையை இரண்டு தடவை வரையாது. அதனால் எல்லாவற்றையும் கையாலேயே வரைந்துவிடலாம் என்று கிரிட்டாவுக்குப் போனேன். கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்தைச் சேர்ந்த இலவச ஓவிய மென்பொருள் இது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மேப் போடுவதற்கென்று செய்யப்பட்டதல்ல, தயார் மலையோ மரமோ உள்ளே கிடையாது, அது இல்லாததுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதல் நாளே ஒன்று புரிந்தது. கைவரைந்த தோற்றம் என்றவுடன் எல்லோரும் ஓரம் கருகிய பழுப்புக் காகிதத்தைப் பின்னணியில் போடுகிறார்கள், ஆனால் விஷயம் காகிதத்தில் இல்லை, கோட்டில் இருக்கிறது. கிரிட்டாவின் பிரஷ் கருவியில் கோட்டை வழவழப்பாக்க ஸ்டெபிலைசர் என்று ஒரு வசதி உண்டு, கை நடுங்கினாலும் கோடு நடுங்காது. ஆசையாக அதைப் போட்டுக்கொண்டு கடற்கரை முழுவதையும் வரைந்தேன். பார்த்தால் கரை மாதிரி இல்லை, தட்டில் ஊற்றிய தோசை மாவு மாதிரி இருந்தது! எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இந்த வழவழப்பாக்கும் ஸ்மூத்திங் வசதியை முழுக்க அணைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து, அங்கங்கே நிறுத்தி நிறுத்தி இழுத்தேன், அப்போதுதான் அது கரையானது. அழுத்தத்துக்கு ஏற்ப கோட்டின் தடிமன் மாறும்படி வைத்தால் போதும், வேறு வித்தை தேவையில்லை. இன்னொன்று, உள்ளே புகுந்து பெரிதாக்கி வரையாதீர்கள். 400 சதவீதத்தில் அழகாகத் தெரிகிற வளைவெல்லாம் அச்சில் பொடிப்பொடியாகப் போய்விடும், நான் 100 சதவீதத்தைத் தாண்டுவதே இல்லை. 4, 6 எண்களைத் தட்டினால் கேன்வாஸ் திரும்புகிறது, 5 தட்டினால் நேராகிறது, மேசையில் காகிதத்தைத் திருப்பித் திருப்பி வரைகிறவர்களுக்கு இது பெரிய வரம்.

கரையை ஒட்டிக் கடல் பக்கமாக மூன்று நான்கு மெல்லிய கோடுகள் போவதைப் பழைய மேப்புகளில் பார்த்திருப்பீர்கள். தீவைத் தேர்ந்தெடுத்து, அந்தச் செலக்‌ஷனை விரித்து அதன் ஓரத்துக்குக் கோடு போடச் சொன்னால் கிரிட்டா ஒரு நொடியில் போட்டுத் தரும், ஆனால் இடைவெளி துல்லியமாக ஒரே அளவில் இருப்பதால் குட்டு உடைந்துவிடுகிறது. சோம்பல் படாமல் கையால் போடுங்கள்.

மலைகளுக்கு மேலிருந்து கீழே வர வேண்டும். பின்னால் இருப்பதை முதலில் வரைந்து, முன்னால் வருகிற மலைக்குள் காகித நிறத்தை நிரப்பினால் பின்னது தானாக மறைந்துகொள்ளும். வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து விழுவதாக வைத்துக்கொண்டு வலது சரிவில் மட்டும் சாய்கோடுகள், இது வரைபடக்காரர்களின் பழைய வழக்கம். மலை எழுபத்து சொச்சம்தான், வரைந்துவிடலாம், காட்டுக்கு ஆயிரம் மரம் வேண்டுமே? இங்கேதான் கிரிட்டா என்னை வாங்கிவிட்டது. கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர்களில், லேயருக்கு ஒன்றாக எட்டு மரங்களை வரைந்து, அசையும் பிரஷ் முனையாகச் சேமித்து, தேர்வு முறையை ரேண்டம் என்று வைத்தேன். இப்போது ஒவ்வொரு தட்டலுக்கும் எட்டில் ஏதோ ஒரு மரம் விழுகிறது, எட்டும் என் கை. காட்டின் ஓரத்தில் இருப்பவற்றை மட்டும் தனியாக வரைந்து சேர்த்தேன், கண் முதலில் போவது அங்கேதான்.

நிறம்: சுத்தக் கறுப்பு வேண்டாம். அந்தக் கால இரும்பு மை நாள்பட நாள்படப் பழுப்பேறும், ஆகவே அடர் பழுப்பு. காகிதத்துக்கு, டீயில் நனைத்துக் காயவைத்த தாளை ஸ்கேன் செய்து கீழே உள்ள கோடுகள் மறையாமல் தாளின் நிறம் மட்டும் ஏறும் மல்டிப்ளை முறையில் மேலே போட்டேன், லேசாக.

பெயர்கள் எழுதுவதில்தான் நிறைய யோசித்தேன். ஐரோப்பிய மேப்புகளில் ஆறு, கடல் பெயர்கள் சாய்ந்த எழுத்தில் இருக்கும். பதினாறாம் நூற்றாண்டு வரைபடக்காரர் மெர்கேட்டர் 1540இல் அந்தச் சாய்வெழுத்தை எழுதும் முறைக்கென்றே தனி நூல் போட்டிருக்கிறார். தமிழில் சும்மா சாய்த்தால் எழுத்து விழுந்து கிடப்பது போலிருக்கிறது. கவிவாணர் என்ற இலவச எழுத்துரு பிறவியிலேயே சாய்ந்தது, கையெழுத்துச் சாயலும் உண்டு, ஆறுகளுக்கு அதையே வைத்தேன். தட்டச்சு செய்ததை வெள்ளைப் பின்னணியில் படமாக்கி, கொஞ்சம் மங்கலாக்கி, பிறகு சாம்பல் நிறங்களைக் கறுப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிரித்துவிடும் திரெஷோல்ட் ஃபில்டர் போட்டால் எழுத்தின் கூர்முனைகள் மழுங்கி மை ஊறியது மாதிரி வருகிறது. ஊர்ப் பெயர்களை மட்டும் கையால் எழுதினேன், என் 'ழ' கொஞ்சம் கோணல், இருக்கட்டும்.

குறை சொல்லாமல் விட முடியாது. கூடவே வரும் பிரஷ்கள் நூற்றுக்கு மேல், புதிதாக வருபவர் திகைத்துப் போவார், எனக்குக் கடைசிவரை தேவைப்பட்டது நான்கு. அளவுகோல், திசைகாட்டி எல்லாம் நீங்களேதான் வரைய வேண்டும். ஏ3 அளவை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில் வைத்தால் 4961க்கு 3508 பிக்சல், முழுக்க நிரம்பிய ஒரு லேயர் மட்டுமே சுமார் 70 எம்பி, என் 8 ஜிபி லேப்டாப்பில் இருபது லேயருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன். மவுஸை வைத்துக்கொண்டு முயற்சி செய்யாதீர்கள், திரையில்லாத சாதாரண பேனா டேப்லெட் போதும்.

ஒரு வாரத்தில் மேப் வேண்டும், வரைவதில் ஆர்வமில்லை என்றால் தயார் சின்னங்கள் உள்ள மென்பொருளே நல்லது. எனக்கு மாலை வேலைகளாக இரண்டு மாதம் பிடித்தது.

அப்புறம் ஒன்று. அச்சுக்குக் கொடுக்கும் முன் கிரிட்டாவிலேயே அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிறமுறைக்கு மாற்றி, ஒரு மூலையை மட்டும் ஏ4இல் அச்சிட்டுப் பாருங்கள். நான் திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் இருந்த கோப்பை அப்படியே கடையில் கொடுத்து, என் அடர் பழுப்பு மலைகளைச் செங்கல் நிறத்தில் வாங்கிக்கொண்டு வந்தேன். தம்பி அதைத்தான் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான், எரிமலைத் தீவாம்.