வார்கிராஃப்ட்: பழைய கிளாசிக்கா, இன்றைய பதிப்பா?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற, பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டு முதலில் வந்தது 2004-இல். அந்தப் பழைய வடிவத்தை 2019 ஆகஸ்டில் கிளாசிக் என்று மறுபடி திறந்தார்கள். ஒரே சந்தாவில் இரண்டையும் ஆடலாம், அதனால் யோசிக்க வேண்டியது நேரத்தைப் பற்றித்தான்.

கிளாசிக்கில் எல்லாமே நடைதான். 40-ஆவது லெவல் வந்தால்தான் குதிரை, அதற்கும் தங்கம் சேர்க்க வேண்டும். டெட்மைன்ஸ் என்ற கொள்ளையர் சுரங்கத்துக்குப் போக ஐந்து பேர் வேண்டுமென்றால் சாட்டில் கூவிக் கூவி ஆள் பிடித்து, வெஸ்ட்ஃபால் வயல்களைத் தாண்டி நடந்தே போய்ச் சேர வேண்டும். கேட்க எரிச்சலாக இருக்கும், ஆனால் எனக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போனதே அந்த வழியில்தான். ஒருமுறை மூன்று கொள்ளையர்கள் சூழ்ந்து உயிர் போகிற நேரத்தில், காயம் ஆற்றும் ப்ரீஸ்ட் பாத்திரத்தில் ஆடும் முன்பின் தெரியாத ஒருவர் ஓடிவந்து ஹீல் போட்டுவிட்டு, கையசைத்துவிட்டுப் போனார். அவர் பெயர் இன்னும் என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறது.

இன்றைய பதிப்பில் குழுவை ஆட்டமே சேர்த்துக் கொடுத்துவிடும், அந்த வசதி 2009 டிசம்பரிலேயே வந்துவிட்டது. உள்ளே போவோம், அடிப்போம், பேசாமல் கலைவோம். சரி, சண்டை என்று பார்த்தால் இதுதான் மேல்: கடிகாரத்தோடு போட்டி போடும் மித்திக் பிளஸ் என்ற ஐவர் குழுச் சண்டை தரும் படபடப்பு கிளாசிக்கில் கிடையாது. அப்புறம், தனியாகவே ஆடக்கூடிய டெல்வ்ஸ் என்ற குட்டி நிலவறை ஆட்டம் 2024-இல் வந்தது, அரை மணி நேரம் மட்டும் இருப்பவர்களுக்கு அது போதும்.

வார இறுதி முழுக்கக் கையில் இருந்தால் நான் கிளாசிக்கைத்தான் திறப்பேன்.