பி.எல்.டி.சி. மின்விசிறி: மாற்றினால் பயன் உண்டா?

கூடத்தில் ஓடிய பழைய மின்விசிறியைக் கழற்றிவிட்டு, பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத, குறைந்த மின்சாரத்தில் ஓடும் டி.சி.) மோட்டார் கொண்ட ஒன்றை மாட்டி, கோடை முழுவதும் பயன்படுத்திய பின் இதை எழுதுகிறேன். சாதாரண மின்விசிறி முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் இழுக்குமிடத்தில், இது 30 வாட் அளவிலேயே அதே காற்றைத் தருகிறது. நாளொன்றுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் சுமார் 40 யூனிட் மிச்சமாகும். மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களில் இன்னமும் நிலக்கரியை எரித்தே மின்சாரம் எடுப்பதால், இது வெறும் பணக்கணக்கு அன்று. மின்வெட்டின்போது இன்வெர்ட்டர் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்குகிறது.

குறை ரிமோட்டில்தான். பழைய ரெகுலேட்டர் இதற்கு ஒத்துவராது என்பதால் எலக்ட்ரீஷியன் அதை எடுத்துவிட்டார். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால், சோபா இடுக்கில் ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கிறது. மேலும், உள்ளேயிருக்கும் சர்க்யூட் போர்டு பழுதானால், கண்டென்சர் மாற்றுவதுபோலத் தெருமுனைக் கடையில் எளிதில் சரிசெய்ய முடியாது. ஆகவே விலையைவிட வாரண்டி ஆண்டுகளைப் பார்த்து வாங்குவது நல்லது. இரவெல்லாம் ஓடும் படுக்கையறைக்கே முதலில் மாற்றலாம். எப்போதாவது சுழலும் விசிறியை, நன்றாக ஓடும்வரை, அப்படியே விட்டுவிடலாம்.