ஊரில் குழந்தைக்கு ‘இதயத்தில் ஓட்டை’ என்றால்: எக்கோ முதல் காப்பீடு வரை

இந்த முறை ஊருக்குப் போனபோது உறவுக்காரக் கைக்குழந்தை ஒன்றுக்காக ஆஸ்பத்திரிகளில் பார்த்ததை எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பத் துடிப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: தமிழ்நாட்டில் இதய சிகிச்சைக்கு வழி இருக்கிறது, வீணாவது நாள்தான்.

பிறவி இதயக் குறைகளில் அதிகம் வருவது கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை. பிறந்த அன்று ஸ்டெதஸ்கோப்பில் பெரும்பாலும் ஒன்றும் கேட்காது. அப்போது நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருப்பதால் ஓட்டை வழியே ரத்தம் அதிகம் பாய்வதில்லை. சில வாரங்களில் அந்த அழுத்தம் இறங்கியதும் நுரையீரலுக்குள் ரத்தம் வெள்ளமாகப் போகும். ‘பிறந்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு’ என்று பாட்டிகள் சொல்வது உண்மைதான்.

பால் குடிக்கும்போது பாருங்கள். கொஞ்ச நேரம் சப்பும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், நெற்றியும் உச்சந்தலையும் வியர்வையில் நனையும், எடை ஏறாது. ஒரு கிளினிக்கில் இதற்குச் சளி மருந்தே திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். குழந்தை தூங்கும்போது முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, அதற்கு மேல் ஒரு வயதுவரை 50 தொட்டால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பிறந்து 24 மணி நேரம் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 90க்குக் கீழே என்றால் அவசரம். ஆனால் எண் நன்றாக இருந்தாலும் மேலே சொன்ன ஓட்டை இல்லை என்று அர்த்தமில்லை. உடம்பு நீலம் பாரிக்கும் வகைகளைப் பிடிக்கத்தான் இந்தச் சோதனை.

ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டக் குழு அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பார்க்கிறது. சந்தேகம் என்றால் டி.இ.ஐ.சி. எனப்படும், குழந்தைகளின் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்கள், செலவில்லை. எக்கோவை, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை, குழந்தை இதய மருத்துவரே எடுப்பது நல்லது. அழுகிற குழந்தையிடம் படம் சரியாக வராது. தூக்க மருந்து கொடுப்பார்களா, பாலை எப்போது நிறுத்த வேண்டும் என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். ஓட்டை எத்தனை மில்லிமீட்டர், எந்த இடம், நுரையீரல் அழுத்தம் எவ்வளவு என்பது ரிப்போர்ட்டில் இருக்கட்டும். சுவரின் தசைப்பகுதியில் உள்ள சின்ன ஓட்டைகள் பல தானே மூடிக்கொள்ளும். பெரியதைத் தள்ளிப்போட்டால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் நிரந்தரமாகக் கெட்டு, பிறகு ஓட்டையை மூடவே முடியாமல் போகலாம்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். ரேஷன் கார்டில் குழந்தையின் பெயரைச் சேர்க்கும் வேலையை எக்கோ பார்த்த வாரமே தொடங்குங்கள். ஆபரேஷனுக்கான முன்அனுமதியை ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவே வாங்கிவிடும். தேதி குறித்த பிறகு காய்ச்சல், சளி வந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும், அந்த நாட்களில் விசேஷ வீட்டுக் கூட்டத்துக்குக் குழந்தையைத் தூக்கிப் போகாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து இதயக் குறையுள்ள பிள்ளையை அழைத்து வருபவர்கள் எக்கோ படங்களை சி.டி.யில் கொண்டுவாருங்கள், வெறும் ரிப்போர்ட் போதாது. விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல இருக்கும், ஆக்சிஜன் அளவு இறங்கும். நீலம் பாரிக்கும் பிள்ளைகளுக்கு டாக்டரின் பயண அனுமதிக் கடிதமும், தேவைப்பட்டால் விமான நிறுவனத்திடம் ஆக்சிஜன் ஏற்பாடும் டிக்கெட் போடும்போதே கேட்க வேண்டும்.